கன்னியப்பனின் கையெழுத்து

செவ்வாய்க்கிழமை, ஆம்பூர்.

இன்று எங்கள் தோல் தொழிற்சாலையில் கழிவுநீர் மாதிரி எடுக்க அதிகாரி வந்தார். அவர் வருவது நேற்றே தெரியும். அதனால் தோல் ஊறும் டிரம்களை நேற்றே நிறுத்திவிட்டார்கள். கழிவு வாய்க்காலில் இன்று வெறும் தண்ணீர் ஓடியது.

தன் கிணறு கெட்டுப்போனதாகப் புகார் கொடுத்த கன்னியப்பனையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னா தம்பி, நாத்தமே காணோம்? நான் வர்றேன்னு குளிச்சிட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதிகாரி படிவத்தை நீட்டினார். கன்னியப்பன் கண்ணாடி கொண்டுவரவில்லை.

"சட்டம் படிச்ச புள்ள, நீ பாத்தா சரிதான். எங்க போடணும்?"

விரலால் காட்டினேன். 'தொழிற்சாலை வழக்கம்போல் இயங்கியபோது என் முன்னிலையில் எடுத்த கழிவுநீர் மாதிரி' என்ற வரிக்குக் கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

டிரம் ஓடியதா என்று என்னை யாரும் கேட்கவில்லை. ஆகவே நான் பொய் சொல்லவில்லை. மாலையிலிருந்து இதையே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அரசியல்வாதிகள் உண்மையை மறைப்பதும் பொய்தான் என்று கல்லூரி மேடையில் பேசிக் கைதட்டு வாங்கியவன் நான்.

இனி அவர் எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் அந்தக் கையெழுத்தைத்தான் எடுத்துக் காட்டுவோம். அலுவலகத்தில் சட்ட வேலை என்னுடையது. காட்டப்போவதும் நான்தான்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இருந்ததால ஆச்சு தம்பி. ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா, எளநி வெட்டித் தர்றேன்."

வர்றேன் என்று சொல்லிவிட்டேன்.