மீதி அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை இந்தத் தடவை உங்களிடம் கேட்கப்போவதில்லை.

அம்மா மெயிலில் அனுப்பிய உங்கள் படம் வந்தது. இங்கே ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கம்ப்யூட்டரில் வெறும் கறுப்புத் திரைதான். எல்லாவற்றையும் கமாண்ட் தட்டித்தான் வாங்க வேண்டும். அதில் படம் படமாக வராது, புரியாத எழுத்துகளாகக் கொட்டும். அவற்றைத் தனி ஃபைலில் போட்டு இன்னொரு கமாண்ட் கொடுத்தால்தான் படமாகும்.

நான் அரைகுறை. திரையில் முதலில் தெரிந்த எழுத்துகளை மட்டும் எடுத்துப் போட்டேன். மேல்பாதி வந்தது, கீழே வெறும் சாம்பல் நிறம். மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அதுவே போதுமென்று பக்கத்து சீட் அக்காவிடம் காட்டினேன்.

"சரி, மீதி அப்பா எங்கே?" என்று கேட்டார்.

விட்டுப்போன எழுத்துகளையும் சேர்த்தேன். முழங்காலிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு.

போனில், "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றீர்களே. பேசும்போது நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால், படம் அனுப்பாமல் அம்மா வேறு எப்படிச் சொல்வாள்? அவளைத் திட்டாதீர்கள்.

நானும் உங்களைத் திட்டவில்லை. இளைத்தது தெரியக்கூடாதென்று கழுத்துவரைதானே நானும் படமெடுத்து அனுப்புகிறேன்.

என் பழைய போர்வையை அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வாங்கியதில் தூக்கம் வரவில்லை.

சூப்பர்வைசர் வருகிறார். கட்டுப் பிரித்ததும் நின்றபடி ஒரு படம் அனுப்புங்கள். நானும் முழுசாக ஒன்று அனுப்புகிறேன்.

உங்கள் மகள்