பாயில் காய்ந்த விதை

1982 ஆனி 7, திங்கள்

விடியலில் தூறல். மண் மேலாக மட்டும் நனைந்தது. கையை விட்டுப் பார்த்தேன், உள்ளே புழுதி. சாமை விதைக்கலாமா, பொறுக்கலாமா? ரேடியோவில் மழைச் செய்தி கேட்கலாமென்றால் பேட்டரி செத்துவிட்டது. புதுசு வாங்க மலையிறங்கிப் போளூர் போக வேண்டும். பஸ் என்றைக்கு வரும் என்று டிரைவருக்கே தெரியாது.

இருப்பது ஒரு கூடை விதை. மனைவி சடைச்சி சொல்கிறாள்: "அவசரப்படாத. இதுவும் போச்சுன்னா கீழ்நாட்டுல தோல் பதனிடற ஷாப்புலதான் கூலிக்குப் போய் நிக்கணும்."

விதையில் பூச்சி. மதியம் வெயில் வந்ததும் வாசலில் பாய் விரித்துக் கொட்டினேன். பக்கத்திலேயே ரேடியோவும் பேட்டரியும். சூடு பட்டால் கொஞ்சம் உயிர் வரும்.

ஆனி 8, செவ்வாய்

பேட்டரி: ஒரு முனகல்கூட இல்லை.

ஊர்க்கவுண்டர் ஏர் பூட்டிவிட்டார்! எங்கள் ஊரில் அவர் முதல் சால் ஓட்டாமல் யாரும் விதைப்பதில்லை. ஓட்டிவிட்டால் யாரும் சும்மா இருப்பதுமில்லை. ஊரே காட்டில்.

சடைச்சி: "உள்ள ஈரமில்லன்னு நேத்து நீதான சொன்ன?"

"கவுண்டருக்குத் தெரியாததா?" என்றேன். கூடை காலி.

ஆனி 21, திங்கள்

மழை இல்லை. முளைத்தது கருகிவிட்டது. முளைக்காததை எறும்பு இழுக்கிறது. செருப்பு வார் அறுந்தது. மாட்டுக்குக் கால் வீக்கம், மஞ்சள் பற்று.

பயமாக இருக்கிறது. சடைச்சி கஞ்சியை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். திட்டினாலாவது தேவலை.

ஆடி 4, செவ்வாய்

வானம் வெளுத்துக் கிடக்கிறது. புளியமரத்தடியில் கவுண்டர். ஆத்திரம் தாங்காமல் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு இன்னாத்த பாத்து மாமா ஏர் பூட்டுனீங்க?"

அவர் என்னையே பார்த்தார். "என்னையா கேக்கற? ஊர்ல ரேடியோ வெச்சிருக்கறவன் நீ ஒருத்தன். வெதையையும் ரேடியோவையும் வாசல்ல வெச்சிருந்த. ரேடியோல மழை வருதுன்னு சொல்லிட்டாங்க, நீ வெதைக்கப் போறன்னு நெனச்சேன். படிச்ச புள்ளையாச்சே."

பூச்சிக்காகக் காய வைத்தேன் என்று இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது?

சாயங்காலம் வீடு வந்தால் சடைச்சி பழைய துணிகளை வாசலில் போட்டு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். "சும்மா எடுத்து வெக்கறேன். போறதா வேணாமான்னு அப்பறம் பாக்கலாம்."

எதிர் வீட்டுக்காரி சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். இப்போது அவள் வீட்டிலும் பானை சட்டி கட்டும் சத்தம்.