வெக்காலிக் கன்றுகள்

12 ஜனவரி 2025, ஞாயிறு

அய்யனார் கோயில் காட்டில் வெக்காலி முளைத்திருக்கிறது! விரல் உயரக் கன்றுகள். உசிலையும் வெப்பாலையும் எங்கும் முளைக்கும். வெக்காலி விதை முளைப்பது அபூர்வம். பெரிய மரங்கள் உண்டு, பிள்ளைகள் இல்லை — இந்தக் காட்டைப் பற்றி இதுவரை நான் எழுதியதெல்லாம் அதுதான். இவை கோடையைத் தாண்டினால் என் ஆய்வே மாறிவிடும். என் ஆய்வு வழிகாட்டி அருணாதேவி மேடம் போனில், "ஒரு கை படாமப் பாத்துக்கோ மாரிசெல்வி" என்றார். சுற்றிலும் கயிறு கட்டிவிட்டு வந்தேன்.

16 பிப்ரவரி

இலையுதிர்வு. கன்றுகள் சருகுக்குள் மறைந்து நிற்கின்றன. கையை விட்டால் மண் இன்னும் குளிர்ச்சி.

இன்று அப்பாவும் கூட வந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். "எம்புட்டுச் சருகு தாயி! ஒரு பொறி போதும்." முகமே சரியில்லை. அம்மா வேலை பார்த்த பட்டாசு ரூமைச் சுற்றிக் காய்ந்த புல். அதில் பிடித்த தீதான் உள்ளே போனது. அம்மா வெளியே வரவில்லை. அதற்கப்புறம் அப்பா அதே பட்டாசுக் கம்பெனியில் புல் செதுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் வாசலில் ஒரு வேப்பிலை கிடக்க விடமாட்டார்.

9 மார்ச்

கயிற்றுக்குள் வெறும் மண். பட்டாசு ரூமைச் சுற்றி இருக்குமே, அதே மாதிரி செதுக்கிப் பெருக்கி. ஒரு கன்றுகூட இல்லை.

மம்பட்டியோடு அப்பா. எனக்கு முன்னாலேயே வந்திருக்கிறார். "ஒத்தையில இங்கன உக்காந்து எளுதுற. தீப் பிடிச்சா எங்கிட்டுத் தாயி ஓடுவ? அதான் சுத்தம் பண்ணிட்டேன்" என்கிறார், அவ்வளவு சந்தோஷமாக. சருகுக்குள் கன்று இருந்ததே அவர் கண்ணில் படவில்லை.

ஐயோ. கத்திவிட்டேன். "உங்கள யாரு செய்யச் சொன்னா? அம்புட்டையும் கொன்னுபுட்டீகளே!"

கொன்னுபுட்டீக என்ற வார்த்தையை அவரிடமா சொல்வேன்? மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

10 மார்ச்

அப்பா சாப்பிடவில்லை. நானும்.

23 மார்ச்

மேடத்திடம் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். "மேலாக்கச் செதுக்கியிருந்தா சிலதுக்கு வேர் இருக்கும். மழை வரைக்கும் பொறு. ஆனா வேர் வெயில்ல வெந்துரக் கூடாது, சருகு திரும்பக் கெடக்கணும்" என்றார்.

சருகைப் போடுங்கள் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். "போட்டுத்தான் ஆகணுமா?"

"ஆமாப்பா."

ஒரு குடம் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அள்ளிப் போட்டார். நானும் கூட அள்ளினேன். அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை.

18 மே

அக்னி வெயில். ஞாயிறுதோறும் குடத்தோடு வருகிறார். நான் மரங்களை அளந்து முடிக்கும் வரை சருகைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை.

2 நவம்பர்

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது. சருகை விலக்கினேன். பழைய வேரிலிருந்து வெக்காலித் துளிர். எல்லாம் இல்லை, சிலதுதான்.

"சாகலையா தாயி?"

"சாகலப்பா. நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். தொடவில்லை.

வீடு வந்தால் வாசலெல்லாம் மழையில் உதிர்ந்த வேப்பிலை. விளக்குமாற்றை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தார். மரத்தடி வந்ததும் நின்றார். அங்கே மட்டும் கூட்டாமல் விட்டுவிட்டு, "சாப்பிடுவோமா" என்று உள்ளே வந்தார்.