மறுத்துப் பேசுபவரின் நாற்காலி

அனுப்புநர்:
பல்செட் கட்டுபவர்,
செருப்புக்கடை மாடிக்கு நேர் எதிர்க்கடை
(கதவில் சிரிக்கும் வாய்ப் படம் ஒட்டியிருக்கும்).

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: செருப்புக்கடை மாடியிலுள்ள 'ஐயா நினைவு அறை' – நாற்காலியைச் சுற்றியுள்ள கயிற்றை அவிழ்க்கவும், ஞாயிறு மாலைகளில் அறையைத் திறந்துவிடவும், காட்சியில் உள்ள ஒரு பல்செட்டை அகற்றவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி அறை வாசலில் மாட்டப்பட்டுள்ள 'பார்வையாளர் விதிகள்' பலகை.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. முதலில் நன்றி. குறை சொல்ல வருபவர் எதிர்ப்பக்கத்தின் நியாயத்தை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் தன் குறைக்கு வர வேண்டும் என்பது மேற்படி அறையின் வழக்கம். அந்த வழக்கப்படி தெரிவித்துக்கொள்வது: ஒழுகிக்கொண்டிருந்த கூரையைத் தங்கள் அலுவலகம் அடைத்தது. சுவருக்கு வெள்ளை அடித்தது. மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்தது. ஐயா உயிரோடு இருந்தபோது நாங்கள் கேட்ட கைப்பிடி அவர் போனபின் வந்திருக்கிறது, வந்தவரை மகிழ்ச்சி. ஊரில் பாதிப் பேருக்குப் பெயர்கூடத் தெரியாத ஓர் அறிஞருக்கு அறை ஒதுக்கிய அலுவலகத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. திறப்பு விழாவில் தாங்கள் சுருக்கமாகப் பேசினீர்கள், அதற்கும் நன்றி. உரக்கக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். கீழே எழுதப்போகும் எதுவும் அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெறுவதாகாது.

2. ஐயாவைப் பற்றித் தங்களுக்குக் கிடைத்த குறிப்பில் 'தத்துவப் பேராசிரியர், ஆன்மிகச் சிந்தனையாளர்' என்று மட்டும் இருந்தது. தவறில்லை, ஆனால் போதாது. அவர் கல்லூரியில் தத்துவம் கற்பித்தது உண்மை. பாடப்புத்தகத்தின் முதல் கேள்வியிலேயே ஒரு வருடம் முழுவதும் நின்றுவிட்டதால் மாணவர்கள் அவருக்கு 'முதல்பாடம்' என்று பெயர் வைத்தார்கள். முதல்வர் கூப்பிட்டுப் பாடத்தை முடிக்கச் சொன்னார். முடிந்தால் முடிக்கமாட்டேனா என்று கேட்டுவிட்டு வெளியே வந்தவர், செருப்புக்கடை மாடியை வாடகைக்குப் பிடித்தார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களை மொழிபெயர்த்துப் பிழைத்தார். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்ற வரியை நம் வட்டாரத்தில் பலரும் அவர் மொழியில்தான் படித்திருக்கிறோம் என்பது பலருக்குத் தெரியாது. புத்தகம் எதுவும் எழுதவில்லை. ஏன் என்று நான் ஒருமுறை குடைந்தேன். "எழுதலாம்ப்பா. ஆனா வாசிக்கிறவன் 'இல்ல'ன்னு சொல்ற நேரத்துல நான் பக்கத்துல இருக்க மாட்டேனே" என்றார்.

3. அவர் கடவுளை நம்பியவர். காலையில் எழுந்ததும் ஜன்னலோரம் நின்று பிரார்த்தனை செய்வார். நான் நம்பாதவன். எதிர்க்கடையிலிருந்து அவர் உதடு அசைவதைப் பார்த்து, கீழ்ப் பல்செட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதைச் சொல்ல மாடியேறியதுதான் எங்கள் முதல் சந்திப்பு. பல்லைச் சரிசெய்துவிட்டு, இவ்வளவு நேரம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று வம்புக்குக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. எழுந்துபோய் அறையிலிருந்த ஒரே நல்ல நாற்காலியை, கைவைத்ததும் பஞ்சு வைத்ததுமான அதை, எனக்கு இழுத்துப் போட்டார். அன்று உட்கார்ந்தவன்தான்.

4. இப்போது முறையீட்டின் மையத்துக்கு வருகிறேன். அந்த நாற்காலி ஐயாவுடையதன்று. அவர் அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அறையில் வாராவாரம் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் யார் அவரை மறுத்துப் பேசுகிறாரோ அவருக்கு உரியது அது. ஐயா எதிரே ஒரு மர முக்காலியில் உட்காருவார். மறுப்பவர் பேசி முடித்ததும், அவர் சொன்னதை ஐயா தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். நாற்காலிக்காரர் "ஆமா, அதத்தான் சொன்னேன்" என்று ஒத்துக்கொண்டால்தான் ஐயாவுக்குப் பதில் சொல்லும் உரிமை. "இல்ல" என்றால் மறுபடி முதலிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டும். சில மாலைகள் இதிலேயே கழிந்துவிடும். நான் விடாக்கண்டன், அவர் கொடாக்கண்டன். வேண்டுமென்றே "இல்ல" சொல்லி இழுத்தடிக்கிறேன் என்று கூட்டத்தில் பலர் என்மேல் எரிச்சல் பட்டதுண்டு. ஐயா மட்டும், "அவர் சொல்றது இன்னும் எனக்கு வரல, நீங்க சும்மா இருங்க" என்று அவர்களை அடக்குவார்.

5. இதற்குச் சாட்சியாகக் கட்டடத்தின் அன்றைய உரிமையாளரான செருப்புக்கடைக்காரரையே குறிப்பிடுகிறேன். மாடியில் சத்தம் அதிகம், வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார்கள் என்று அறையைக் காலிசெய்யச் சொல்ல ஒரு ஞாயிறு மேலே வந்தார். ஐயா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லத் தொடங்கினார். சத்தம் மட்டுமா, படியில் கூட்டம் நிற்பதால் கடைவாசல் மறைகிறது, வாடகையும் காலத்துக்கு ஏற்றதில்லை, கூரை ஒழுகினால் கீழே சரக்கு கெடும் என்று அடுக்கிவிட்டு, இவ்வளவு இருக்கும்போது நாங்கள் இங்கே இருப்பது சரியில்லைதான் என்று சாமான்களைக் கட்டவும் ஆரம்பித்துவிட்டார். "காலி பண்ணச் சொல்ல வந்தா, எனக்கே தெரியாத காரணத்தையெல்லாம் எனக்காக எடுத்துக் குடுக்குறாரே இந்த மனுசன், இவர எப்படிய்யா வெளிய அனுப்புறது?" என்று கடைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அதன்பின் அவர் ஒரு கூட்டமும் தவறவிட்டதில்லை. ஐயா மறைந்ததும் அந்த மாடியை நகராட்சிக்கு எழுதிக்கொடுத்தவரும் அவரே.

6. என் வீட்டு விஷயத்தை அரசு அலுவலகத்துக்கு எழுதுவது முறையன்று. எனினும் நன்றிக் கணக்கில் அதை விட்டுவிட மனம் வரவில்லை. என் மனைவியும் நானும் ஒரு காலத்தில் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள்போல இருந்தோம். மாடியில் கற்றதை வீட்டில் செய்து பார்க்கலாமே என்று, எங்களிடமிருந்த நல்ல நாற்காலியை அவளுக்குப் போட்டுவிட்டு நான் தரையில் உட்கார்ந்தேன். அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல, "இல்ல, இல்ல" என்றே வந்தது. ஐயாவை நான் படுத்திய பாடு என்னவென்று அன்றுதான் புரிந்தது. கடைசியில் அவளே சொன்னாள்: "நான் வாயத் திறக்கும்போதே உங்ககிட்ட பதில் ரெடியா இருக்கு. அப்புறம் நான் எதுக்குப் பேசணும்?" அதை அப்படியே திருப்பிச் சொன்னேன். "ஆமா" என்றாள். அழுதாள், நானும் அழுதேன். இன்று நாங்கள் சண்டை போடாத நாளில்லை; ஆனால் பேசாத நாளும் இல்லை. இதற்காக ஐயாவுக்கு நான் ஒருநாளும் வாய்விட்டு நன்றி சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதையும் வாதத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பார்.

7. உண்மையில் கடைசி ஞாயிறன்று வாதத்துக்கு எடுத்துக்கொண்டது நன்றியைத்தான். காலையில் கண் விழித்ததும் மனதில் எழும் நன்றி யாரையாவது போய்ச் சேர வேண்டும், அதனால்தான் பிரார்த்தனை செய்கிறேன் என்றார் ஐயா. நான் மறுத்தேன். நன்றி என்பது மனிதர் மனிதருக்குச் சொல்வது, முகவரி இல்லாத தபாலை எழுதி எந்தப் பெட்டியில் போடுவது என்று கேட்டேன். அவர் திருப்பிச் சொன்னார். "இல்ல" என்றேன். மறுபடி சொன்னார். மறுபடியும் "இல்ல". "சரிப்பா, இன்னும் உன் பேச்சு எனக்குச் சரியா வரல. அடுத்த வாரம் சரியா சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே முக்காலியிலிருந்து எழுந்தார். அந்த வாரத்திலேயே இதயம் நின்றுவிட்டது. கூட்டத்துக்கு வரும் ஆஸ்பத்திரி நர்ஸ் ஓடிவந்து பார்த்தும் பயனில்லை. கடைசியாக அவருக்குப் பல்செட்டை மாட்டிவிட்டவன் நான். பல் இல்லாமல் அவரை அனுப்ப எனக்கு மனமில்லை. நாளைக்கு யாராவது எங்காவது அவரை "இல்ல" என்று மறுத்தால், திருத்தமாகப் பேச அவருக்குப் பல் வேண்டுமே.

8. இதிலிருந்து தாங்கள் ஊகித்திருக்கலாம். நினைவு அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் 'ஐயா பயன்படுத்தியவை' என்ற அட்டையுடன் வைத்திருக்கும் பல்செட் அவருடையதன்று. அது நம் ஊர்ப் பாட்டு டீச்சருடையது. சற்று இறுக்கமாக இருக்கிறது என்று அவர் திருப்பிக் கொடுத்ததை, திருத்திக் கையில் வைத்துக்கொண்டே கடைசி ஞாயிறன்று மாடியேறி, வாதாடும் மும்முரத்தில் அலமாரியில் வைத்து மறந்துவிட்டேன். தங்கள் ஊழியர்கள் பயபக்தியோடு எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். இங்கே சொல்லை வெளியே நிறுத்திவிட்டுப் பல்லைக் காட்சிக்கு வைத்திருக்கிறோம், அதுவும் அடுத்தவர் பல்லை. பாட்டு டீச்சருக்கு வேறு செட் கட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் ஒருநாள் அறையைப் பார்க்கப் போய், "என் பல்லுக்கு முன்னாடி நின்னு இவ்வளவு பேர் கண்கலங்குறாங்களே, இத்தன வருசமா என் பாட்டுக்கு ஒருத்தர் கலங்கல" என்று சொல்லிவிட்டு வந்தார். அவருக்கு வருத்தமில்லை. எனினும் உண்மை உண்மைதானே.

9. பல் போகட்டும். நாற்காலியைச் சுற்றி இப்போது சிவப்புக் கயிறு. நாற்காலிக்கு மேலே சுவரில் ஐயாவின் படம். அருகில் 'இது ஐயா அமர்ந்த இருக்கை, அமரக் கூடாது' என்ற பலகை. சுவரில் 'அமைதி காக்கவும்' என்று இன்னொன்று. அமைதி காக்காமல் இருப்பதற்காகவே வாடகை கொடுத்துவந்த அறை அது. நாங்கள் ஞாயிறன்று போனபோது காவலாளி பரிவாகத்தான் தடுத்தார்: "பெரியவர் உக்காந்த எடம்ங்க. அதுல போய் நீங்க உக்காரலாமா?" இதைச் சொல்லும்போது அவர் வாசலில் எதன்மேல் உட்கார்ந்திருந்தார் என்றால், ஐயாவின் மர முக்காலியின்மேல். வேண்டாத சாமான் என்று வெளியே போடப்பட்டதை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் பதறி எழுந்துவிடுவார். கால் வலிக்காரர், பாவம். அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்பதையும் இம்மனுவின் ஒரு கோரிக்கையாகக் கருத வேண்டுகிறேன். அவருக்கு ஒரு நல்ல நாற்காலி வாங்கிக் கொடுத்தால் ஐயா மகிழ்வார்.

10. இப்போது நாங்கள் மாடிப்படியில் கூடுகிறோம். செருப்பு வாங்க வருபவர்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். படியில் எதிரெதிரே உட்கார முடியாது. ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு மறுத்துப் பேசுவது நன்றாக இல்லை. நாலைந்து பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். போன வாரம் நர்ஸும் செருப்புக்கடைக்காரரும் ஒரு சின்ன விஷயத்துக்காக முறைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நாற்காலி இருந்திருந்தால் அது நடந்திருக்காது. இப்படியே போனால் கூட்டம் கலைந்துவிடும். பிறகு அறை மிஞ்சும், படம் மிஞ்சும், ஐயா மிஞ்சமாட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை ஒளிவுமறைவின்றித் தெரிவித்துக்கொள்கிறேன்.

11. இதுவரை ஐயாவின் பக்கத்திலிருந்து பேச ஆள் இருந்தது, அவரே இருந்தார். இனி யாராவது முக்காலியில் உட்கார வேண்டும். அவர் எப்படி நினைப்பார் என்று அதிகம் தெரிந்தவன், அவரை அதிகம் மறுத்தவன்தான் என்று கூட்டத்தார் என்னைக் கைகாட்டுகிறார்கள். அவர் சொன்ன நன்றிப் பேச்சை முதல் வேலையாகச் சொல்லிப் பார்க்க நினைக்கிறேன். ஏனென்றால் சில நாட்களாகக் காலையில் கடையைத் திறந்து எதிர் ஜன்னலைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு நன்றி எழுகிறது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. முகவரி இல்லாத தபால் என்று கேலி செய்தவன் கையிலேயே அது வந்து சேர்ந்திருக்கிறது. நான் இன்னும் நம்பிக்கைக்காரன் ஆகிவிடவில்லை. ஆகவே, தற்காலிகமாகத் தங்கள் அலுவலக முகவரிக்கு அதை அனுப்பிவைக்கிறேன்.

12. எனவே வேண்டுவது: நாற்காலியின் கயிற்றை அவிழ்த்துத் தர வேண்டும். முக்காலியை உள்ளே கொண்டுவர வேண்டும். ஞாயிறு மாலையில் கதவைத் திறந்துவிட வேண்டும். பல்செட்டை என் கடைக்குத் திருப்பியனுப்ப வேண்டும். படம் சுவரில் இருக்கட்டும், அழகாக இருக்கிறார்.

13. இக்கோரிக்கை ஏற்கத்தக்கதன்று எனத் தாங்கள் முடிவு செய்யக்கூடும். பொருள்கள் தேயும், கூட்டம் கூடினால் பொறுப்பு யாருடையது என்பன போன்ற நியாயங்கள் தங்களிடம் இருக்கும். எனக்குத் தெரியாதவையும் இருக்கும். அவ்வாறாயின் தபாலில் மறுக்காமல் நேரில் வந்து மறுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பவருக்கு உரியதுதான் அந்த நாற்காலி. கயிற்றைத் தாங்களே அவிழ்த்து அமரலாம். நான் எதிரே முக்காலியில் உட்கார்ந்து, தங்கள் பக்கத்து நியாயத்தை, "ஆமா, அதத்தான் சொன்னேன்" என்று தாங்கள் சொல்லும்வரை சொல்லிப் பார்க்கிறேன். முதல் தடவையே சரியாக வராது, பொறுத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடமும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்துவிட்டேன்.

என்றும் நன்றியுடன்,
(ஒப்பம்)
பல்செட் கட்டுபவர்

இடம்: மாடிப்படி, மேலிருந்து மூன்றாவது படி.
நாள்: ஞாயிற்றுக்கிழமை மாலை, கூட்டம் நடந்திருக்க வேண்டிய நேரம்.

உடன் ஒப்பமிடுவோர்: செருப்புக்கடைக்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ் (இருவரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை, தனித்தனியே வந்து கையெழுத்திட்டனர்), பாட்டு டீச்சர், மனுதாரரின் மனைவி (பத்தி 6-ஐப் படித்துப் பார்த்து, 'ஆமா' என்று ஒப்புக்கொண்ட பின்).