தன் கத்தச் சோற்றைத் தின்றவன்

1956 மாசி, வெள்ளி இரவு.

கடைக்குத் துணி எடுக்கக் கொழும்புக்குப் போனபோது பார்த்த ஜெர்மன் படம் இன்னும் மனதை விடவில்லை. பாஷை ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தேன், அழுதேன். அதைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வளவில் பெண்களுக்குக் காட்ட ஆசை. வளவு மாமியுடையது. படமென்றாலே அவருக்கு ஆகாது.

இன்று கதையை மட்டும் சொன்னேன்.

"யுத்தத்தில மவுத்தாயிட்டான் எண்டு நினைச்ச மனிசன், தன்ட பேரில ஓதிச் சோறு குடுக்கிற கத்தத்தண்டே வீட்ட வாறான் மாமி. ஆரும் ஆளை மட்டுக்கட்டல்ல, ஆரோ விருந்தாளி எண்டு நினைச்சிட்டாங்க. பந்தியில குந்தித் தன்ட கத்தச் சோத்தையே தின்னுறான்!"

மாமி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"பொண்டாட்டி கண்டாளா மருமகன்?"

"அதைப் படத்திலதான் பாக்கணும்."

"யாவாரப் புத்தி! சரி, சுத்திவர ஓலைக் கிடுகால மறைச்சுக் கட்டுங்க. ஆம்பிளை ஒருத்தனும் உள்ள வரப்படா."

நானுமா என்று கேட்டேன். ஓமாம்!