மூன்றாவது பெடல்

ஜூன் 4, ஃபிளின்ட்
இதையெல்லாம் எழுதுவது கூச்சமாகத்தான் இருக்கிறது, மன்னிக்கவும். சாப்பாட்டு மேஜையில் வாய் திறந்திருந்தால் எழுதவே வேண்டியிருக்காது.

அப்பா தன் 1970ஆம் வருஷக் காரின் ஆட்டோமேட்டிக் கியரைக் கழற்றிவிட்டு, இடது காலால் மிதிக்கும் மூன்றாவது பெடலான கிளச்சும் கைக் கியரும் வைக்கப்போகிறார். கியர்க் கம்பி மேலே வர, சனிக்கிழமை காரின் தரைத் தகட்டை வெட்டுகிறார். எல்லாம் பக்கத்து வீட்டு லைல் மாமாவின் கேலியால்: "ஏண்டா வால்ட், இவ்ளோ பெரிய எஞ்சின வச்சுக்கிட்டு ஆட்டோமேட்டிக்கா? இடது காலுக்கு மட்டும் பென்ஷன் குடுத்துட்டாங்களா?"

ஜூன் 5
அந்த எஞ்சினோடு ஆட்டோமேட்டிக் கேட்டு வாங்கியவர்கள் மிகக் குறைவு. அபூர்வமான கார் என்று அப்பாவிடம் சொன்னேன்.
"யாரும் வாங்கலைன்னா நல்லால்லைன்னுதானே அர்த்தம்?"
வீட்டின் முதல் பட்டதாரி பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஜூன் 6
கார் செய்யும்போது, அதில் என்னென்ன மாட்ட வேண்டும் என்று சொல்லிக் கூடவே வரும் விவரத் தாளை, வேலை முடிந்ததும் ஆலையில் பின்சீட்டு ஸ்பிரிங்குக்குள் செருகிவிடுவார்கள். இன்று சீட்டைத் தூக்கினோம். எலி தின்றதுபோக மீதி இருந்தது. அதில் — கைக் கியர்.
"பாத்தியா? எவனோ நடுவுல மாத்திட்டான். நான் திருப்பி வைக்கிறேன், அவ்ளோதான்."
போச்சு.

ஜூன் 7
ஒவ்வொரு காருக்கும் ஆலையில் ஒரு தனி எண் தருவார்கள்; தாளில் உள்ள எண்ணும் முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள எண்ணும் வேறு வேறு! காருக்கு அடியில் நுழைந்து பார்த்தேன். ஆட்டோமேட்டிக் கியர்ப் பெட்டியில் ஆலையிலேயே பொறித்திருப்பது கண்ணாடிக்கு அடியில் உள்ள எண்தான்.

லைல் மாமா இந்தக் காரைச் செய்த ஆலையில் சீட்டு மாட்டியவர். அவரிடம் கேட்டேன். "அது அடுத்த காரோட தாளா இருக்கும்மா. எது கைக்கு வந்துச்சோ அதைச் செருகுவோம். இத்தனை வருஷம் கழிச்சு ஒருத்தி உக்காந்து படிப்பான்னு யாரு கண்டா?"

அப்பாவிடம் நான் சொல்ல வேண்டும். நானா?

ஜூன் 8
லைல் மாமா வேடிக்கை பார்க்க வந்து நிற்க, அப்பா வெட்டும் மெஷினைக் கையில் எடுத்துவிட்டார். "வெட்டாதீங்கப்பா. இது பொறப்புலயே ஆட்டோமேட்டிக்." சொன்னது நானேதான். எண்ணைக் காட்டினேன். அப்பா டார்ச்சோடு காருக்கு அடியில் நுழைந்தார். பிறகு அடியிலிருந்தே, "லைலு, அப்படின்னா இப்படி ஒரு கார் ஊர்லயே என்கிட்ட மட்டும்தான்டா இருக்கு."
"கெட்டுது. இனிமே இவன் வாயை மூட முடியாது," என்றார் லைல் மாமா.

ஜூன் 9
வருகிறவர்களையெல்லாம் அடியில் படுக்கவைத்து எண்ணைக் காட்டுகிறார் அப்பா. பூசை முடிந்து வந்த பாதிரியாரையும் விடவில்லை.

அவர் தூசியைத் தட்டிக்கொண்டு கிளம்பியதும் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றேன்.
"இன்னும் ஏதாவது எண் இருக்காம்மா?"
"இல்லப்பா. எனக்குக் கிளச் மிதிக்கவே வராது. இதை ஒரு தடவை நான் ஓட்டட்டுமா?"