என் மகளும் போகட்டும்

மார்ச் 6, திங்கள்

குளிர் இன்னும் விடவில்லை. முதல் ட்ரிப்பில் சந்தைக்காரப் பெண்கள் முள்ளங்கியை ஏற்றி பஸ்ஸுக்குள் வழியை அடைத்துவிட்டார்கள். இறங்கும்போது என்னைத்தான் திட்டினார்கள்.

மதியம் டிப்போவுக்கு உள்ளூர் டிவிக்காரப் பெண் ஒருத்தி மைக்கோடு வந்தாள். ஆண்களைப் போலவே பெண்களையும் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எடுக்கலாமா என்று டிரைவர்களிடம் கருத்துக் கேட்டாள். எல்லோரும் என் பக்கம் கை காட்டினார்கள். இந்த வொஞ்சு நகர டிப்போவில் பட்டாளத்துப் பேச்சு என்றால் என்னிடம்தான் ஆளை அனுப்புவார்கள். நான் நிதானமாக, எல்லாப் பக்கமும் யோசித்துப் பேசினேன். கடைசியில், "நாங்க போனோம்ல? அவங்களும் போகட்டும். என் மகளும் போகட்டும்" என்றேன். பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மார்ச் 7, செவ்வாய்

டிவியில் வந்தேன். அவ்வளவு பேசியதில் கடைசி இரண்டு வரி மட்டும் வந்தது. கீழே 'தாக் சாங்பில், பஸ் டிரைவர்' என்று போட்டார்கள். தொப்பி கோணலாக இருந்தது.

என் மனைவி யங்ரான் சூப்புப் பாத்திரத்தை மேசையில் வைத்த சத்தத்தில் கிம்ச்சித் தட்டு ஒரு முறை குதித்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மகள் நாக்யோங் வாயில் சோற்றோடு டிவியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அந்த மகள் நான்தானேப்பா? இல்ல, எங்களுக்குத் தெரியாம வேற யாராவது இருக்காங்களா?"

மார்ச் 10, வெள்ளி

குவோன் எங்கள் டிப்போவின் ஒரே பெண் டிரைவர். அவள் வேலைக்கு வந்த புதிதில் வளைவுகளில் திணறுவாள் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். திணறவில்லை. இன்று காப்பி இயந்திரத்தின் அருகில் என்னை மடக்கினாள்.

"தாக் அண்ணே, ஒண்ணு கேக்கணும். பொண்ணுங்களும் போகணும்னு சொன்னீங்களே, அங்க நல்லா இருக்குங்கறதால சொன்னீங்களா, மோசமா இருக்குங்கறதால சொன்னீங்களா?"

வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனேன். நேரம் ஆகவில்லை. வண்டிக்குள் ஏறிச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 23, வியாழன்

நாக்யோங் பட்டாளத்தில் சார்ஜென்ட் வேலைக்கு விண்ணப்பிக்கிறாளாம். பெண்களைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள், விரும்பிப் போனால் இப்படிச் சேர்ந்துகொள்ளலாம். கல்லூரி முடித்து இரண்டு வருஷமாகக் காப்பிக் கடையில் நிற்கிறாள். அனுப்பிய விண்ணப்பம் எதற்கும் பதில் இல்லை. எல்லாம் சரி. ஆனால் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்கதானே ஊருக்கே சொன்னீங்க."

ரோஷத்தில் செய்கிறாள். இரண்டு நாளில் தணிந்துவிடும்.

மார்ச் 24, வெள்ளி

ரோஷம் இல்லையாம். விண்ணப்பத்தைப் போன மாதமே அனுப்பிவிட்டாளாம். வீட்டில் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது நான் டிவியில் வந்து உதவி செய்திருக்கிறேன்.

ஏப்ரல் 12, புதன்

விஷயம் டிப்போவுக்கு எட்டிவிட்டது. மேலாளர் கை கொடுத்தார். பாங் அண்ணன் என்னைவிட மூத்தவர், ஓய்வு பெறப் போகிறவர். "நம்மள்ல எல்லாரும் வாயால பேசுவோம். இவன் பெத்த பொண்ணையே அனுப்பறான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி என் முதுகில் தட்டினார். சாயங்காலம் பன்றி இறைச்சி வாட்டிச் சாப்பிடக் கூட்டிப் போனார்கள். நல்ல இறைச்சி. என் பங்கைப் பாங் அண்ணன் பக்கம் தள்ளிவிட்டேன். குவோன் வரவில்லை. வராதது நல்லதாகப் போயிற்று.

ஏப்ரல் 19, புதன்

பயமுறுத்திப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். சாப்பாட்டு வேளையில் மெல்ல ஆரம்பித்தேன். எல்லையில் காவல் நிற்கும்போது இமைமயிர் உறைந்து ஒட்டிக்கொண்டதைச் சொன்னேன். நாக்யோங் எனக்கு முன்னால் முடித்துவிட்டாள். "ஒட்டின கண்ணோட, ஆபீசர்னு நெனச்சு மானுக்கு சல்யூட் அடிச்சீங்க." யங்ரான் சிரித்தாள். சரி என்று சாணிக்குழிக் கதைக்குப் போனேன். அதில் நான் வாயைத் திறக்கும் முன்பே இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

இத்தனை வருஷமாக டிப்போவிலும் வீட்டிலும் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய கதைகள். எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று பழகிவிட்டது. நிறுத்தாமல் சொன்னாலும் அதே இடத்தில் சிரிக்கிறார்கள்.

மே 13, சனி

தேர்வுக்காகப் பள்ளி மைதானத்தில் நாக்யோங் ஓட்டப் பயிற்சி செய்கிறாள். கைக்கடிகாரத்தோடு என்னை நிற்கச் சொன்னாள். கடைசிச் சுற்றில் கால் இழுத்துக்கொண்டது. முடியாமல் போகட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். பெற்ற அப்பன் வேண்டுவதா இது? முடித்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன். "எப்படிப்பா?" என்றாள். "பரவால்ல" என்றேன்.

மே 21, ஞாயிறு

ஞாயிறு காலையில் மலையில் சுனைத் தண்ணீர் பிடிக்கப் போவது வழக்கம். இன்று நாக்யோங்கும் வந்தாள். வழியில் ஏதோ கேட்டாள், எனக்குக் கேட்கவில்லை. இடது பக்கம் நடந்து வந்தாள். சுற்றி வந்து வலது பக்கம் நின்று, "அண்டா மூடி" என்று சொல்லிச் சிரித்தாள்.

அண்டா மூடிக் கதை எங்கள் குடும்பத்துக்கே பாடம். புது ஆளாக இருந்தபோது சமையலறையில் வறுத்த கோழித்தோல் திருடப் போனேன். சார்ஜென்ட் வந்துவிட்டார். துள்ளி எழுந்ததில் அண்டா மூடி காதில் மோதிக் கோயில் மணி போல ஒலித்தது. அன்றிலிருந்து இடது காது லீவில் இருக்கிறது.

தண்ணீர்க் கேனைக் கீழே வைத்தேன். அண்டா மூடி இல்லை என்றேன்.

அவளிடம் சொன்னதை எழுதவே கை வரமாட்டேன் என்கிறது. படைப்பிரிவுப் பாட்டைச் சுருதி தப்பிப் பாடினோம். அதுக்குத்தான். கொதிகலன் அறையில புது ஆளுங்களை வரிசையா நிக்க வெச்சாங்க. சீனியர் ஒருத்தன் ரப்பர் செருப்பைக் கழட்டினான். எனக்கு முன்னாடி நின்னவன் அழுதான், அதனால அவனை இன்னும் ரெண்டு. நான் அழல. காதுலேர்ந்து ரத்தம் வந்துது. படுத்துத் தூங்குன்னாங்க, தூங்கினேன். டாக்டர்கிட்ட போனா ஏன்னு கேப்பாங்க, அதனால போகல. முதல் லீவுல வீட்டுக்குப் போனேன், அம்மா காதுல பஞ்சைப் பார்த்து என்னடான்னு கேட்டா. அவ முகத்தைப் பார்த்ததும் அண்டா மூடி வந்துடுச்சு. எங்கேர்ந்து வந்துதுன்னே தெரியல. அம்மா சிரிச்சா. சிரிச்சுட்டு நிம்மதியா சோறு போட்டா.

அதற்குப் பிறகு அதையே சொல்லி வந்தேன்.

நாக்யோங் பாதையோரக் கல்லில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"அப்படின்னா ஏம்பா டிவியில அப்படிச் சொன்னீங்க?"

நாட்டுக்கு ஆள் குறைகிறது, பிள்ளைகள் பிறப்பதில்லை, சமம் என்றால் எல்லாவற்றிலும் சமம் – இவை எல்லாம் என்னிடம் தயாராக இருந்தன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டேன். நான் வாங்கின அடியை நாட்டில் பாதிப் பேர், பெண்பிள்ளைகள், வாங்காமல் தப்பிவிட்டார்களே என்கிற வயிற்றெரிச்சல், அவ்வளவுதான் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

"இருந்தாலும் நான் பட்டாளத்துக்குப் போறேன்பா" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. பெரிய கேனை அவளே தூக்கிக்கொண்டாள்.

மே 22, திங்கள்

யங்ரானிடமும் சொன்னேன். இத்தனை வருஷம் என்னைச் சிரிக்க விட்டீங்களே என்று சொல்லிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 24, புதன்

குவோனிடம் போய்ச் சொன்னேன், மோசமா இருந்ததாலதான் என்று. "தெரியும்ணே" என்றாள். காப்பி வாங்கிக் கொடுத்தாள்.

ஜூன் 30, வெள்ளி

நாக்யோங் தேர்வாகிவிட்டாள். டிப்போவில் கேக் வெட்டினார்கள். என்னை வெட்டச் சொன்னார்கள்.

ஜூலை 18, செவ்வாய்

டிவிக்காரப் பெண் மறுபடி வந்தாள். சொன்னபடி மகளை அனுப்பும் தந்தை என்று ஒரு நிகழ்ச்சியாம். தொப்பியை நேராக வைத்துக்கொண்டேன். பெண்கள் போக வேண்டும் என்பதில் இப்போதும் உறுதியாக இருக்கிறீர்களா என்று கேட்டாள்.

"முதல்ல அங்க போற பசங்களை யாரும் அடிக்காம இருக்கட்டும். போனவன் போன மாதிரியே திரும்பி வரட்டும். அதுக்கப்புறம் யார் யார் போகணும்னு உக்காந்து பேசுவோம். பொண்ணுங்களும் போகலாம், எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்றேன்.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. ஏதோ வீட்டுப் பிரச்சினை என்று பாங் அண்ணன் அந்தப் பெண்ணிடம் விளக்கினார்.

ஜூலை 20, வியாழன்

ஒளிபரப்பாகவில்லை. அந்த நேரத்தில் மக்காச்சோள விளைச்சல் பற்றிக் காட்டினார்கள்.

ஆகஸ்ட் 21, திங்கள்

பயிற்சிப் பள்ளி வாசல்வரை கொண்டுபோய் விட்டோம். வண்டி ஓட்டிக்கொண்டே நிறைய அறிவுரை தயார் செய்திருந்தேன். யார் பக்கத்தில் நிற்க வேண்டும், எதற்குத் தலையாட்ட வேண்டும், எந்த மாதிரி ஆளின் கண்ணில் படக்கூடாது. வாசலில், "நல்லா சாப்பிடு" என்றேன். யங்ரான் அழுதாள். நாக்யோங் ஓடிப்போய் வரிசையில் நின்றுகொண்டாள். வெட்டிய முடியில் பின்னங்கழுத்து சின்னப் பையனுடையது போல இருந்தது.

திரும்பும் வழியில் சாலையோரம் நூடுல்ஸ் சாப்பிட்டோம். அண்டா மூடிக் கதை கேட்க வேண்டும் போலிருக்கிறது என்று யங்ரான் சொன்னாள். சொல்லவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

நாக்யோங் தொலைபேசியில் பேசினாள். சாப்பாடு உப்பாம். வேறொன்றும் இல்லையாம்.

டிசம்பர் 23, சனி

பயிற்சி முடிந்து படைப்பிரிவுக்குப் போன பிறகு நாக்யோங்குக்கு முதல் லீவு. சட்டையில் சார்ஜென்ட் பட்டை. நடையில் வேகம் வந்திருக்கிறது. செருப்பை நேராக அடுக்கி வைக்கிறாள். யங்ரான் முள்ளங்கி போட்டுக் கானாங்கெளுத்தி சமைத்திருந்தாள்.

சாப்பிடும்போது நாக்யோங் ஒரு கதை சொன்னாள். தலையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு அறையைச் சுற்றித் தவளை மாதிரித் தாவினாளாம். பாதியில் வாளி காதுக்குக் கீழே இறங்கி மாட்டிக்கொண்டது. எடுக்க வரவில்லை. சமையல்கட்டிலிருந்து எண்ணெய் கொண்டுவந்து தடவி உருவினார்களாம். ஒரு வாரம் தலையில் வறுவல் வாசனை. எழுந்து தாவியும் காட்டினாள். யங்ரான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நன்றாகத்தான் சொன்னாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். வறுவல் வாசனையைக் கடைசிக்கு வைத்திருந்தாள். இது அவள் முதல் முறை சொல்லும் கதை அல்ல. எங்கேயோ சொல்லிப் பழகிவிட்டு வந்திருக்கிறாள்.

சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்தேன்.

"வாளியை யாரு கவுக்கச் சொன்னது?"

சாப்பிடும்போது என்ன விசாரணை என்று யங்ரான் அதட்டினாள். நாக்யோங் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சீனியர்" என்றாள். "புகார் குடுத்துட்டேன்பா. விசாரிக்கிறாங்க. ஆனா அதுலேர்ந்து அறையில யாரும் என்கூடப் பேசறதில்ல."

"சாப்பாடு?"

"தனியாத்தான்."

யங்ரான் சிரிப்பை நிறுத்திவிட்டாள். நான் என்ன சொல்வது? புகார் கொடுக்க எனக்குத் தெரிந்திருக்கவில்லை, உனக்குத் தெரிந்திருக்கிறது என்று சொல்லலாம். சொன்னால் அதுவும் டிவிப் பேச்சு மாதிரி இருக்கும். தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"உங்க முதல் லீவுல யாராவது இப்படிக் கேட்டாங்களாப்பா?"

இல்லை என்றேன்.

பிறகு அவள் முதலிலிருந்து சொன்னாள், தாவிக் காட்டாமல், சிரிப்பு வரும் இடங்களை விட்டுவிட்டு. நீளமாகப் போயிற்று. நடுவில் மீன் ஆறிவிட்டது. யங்ரான் எழுந்து அதைச் சூடு பண்ண எடுத்துப் போனாள். அம்மா வரும்வரை நாக்யோங் நிறுத்தி வைத்திருந்து, வந்த பிறகு மீதியைச் சொன்னாள்.